மேற்கு மெஷினின் வாய்

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சிரித்து முடித்த பிறகு ஒரு நாள் உச்சிவேளையில், நின்றுபோன மாவு மெஷின் பக்கத்தில் தனியாக நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம். பேய்க்கு ராத்திரிதான் தோது என்று யார் சொன்னார்களோ தெரியாது. திண்டிவனம் பக்கத்தில் எங்கள் ஜனங்கள் உச்சிவெயிலுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

இது சவுரிராயனுக்கு நடந்தது. யுத்த காலத்தில், ஒலக்கூர் பக்கத்தில் நடந்தது. பிற்பாடு விழுப்புரம் ரயில் ஷெட்டில் என்னோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்த மனுஷன். ஒரு போல்ட் தொலைந்துபோனால்கூட அது எலி செய்த வேலை என்று சொல்லத் தெரியாது, தன் தப்பு என்றே சொல்வார். வயதில் எனக்கு மூத்தவர்தான். ஆனால் இது நடந்தபோது அவர் கல்யாணமான புதுசு, சின்ன வயசு. அதனால் அவன் என்றே சொல்கிறேன்.

ஒலக்கூர்ப் பக்கத்துப் பெரிய பண்ணை சுப்பராயலுவுக்கு ஒரு மில் வேண்டியிருந்தது. மனிதருக்கு மாவும் அரைக்க வேண்டும், மாட்டுக்குத் தீவனமும் பொடிக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே எஞ்சின்தான். பட்டணத்துக் கம்பெனி கேட்ட விலைக்கு அவருக்கு மனசு வரவில்லை. பண்ணையில் ஃபிட்டர் வேலை பார்த்த சவுரிராயன் கரித்துண்டை எடுத்துக் களத்துத் தரையில் படம் போட்டுக் காட்டினான். நடுவில் ஆயில் எஞ்சின். சுவரோடு நீளமாக ஒரு ஷாஃப்ட். கிழக்கே கல் மெஷின், அதில் கேப்பை, கம்பு, சோளம். மேற்கே இரும்பு டிரம். அதற்குள் தொங்கும் இரும்புச் சுத்திகள் சுழன்று அடிக்கும், அடியில் சல்லடைத் தகடு இருக்கும். பருத்திக்கொட்டை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் புண்ணாக்கு, கொள்ளு எல்லாம் அதில் பொடியாகும். படத்தைப் பார்த்ததும் சுப்பராயலுவுக்குப் பிடித்துப்போயிற்று.

அரவை மெஷினில் ஒரு சங்கதி உண்டு. எவ்வளவு அரைத்தாலும் கடைசிப் பிடி மாவு கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்து வருகிறவர் மாவோடுதான் அது வெளியே வரும். சுப்பராயலுவுக்கு இது தெரிந்தது. தெரிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, சேரிக் கேப்பை கிழக்குக் கல்லில் விழக்கூடாது என்பதுதான். சேரிப் பெண்கள் மேற்கே, மாட்டுத் தீவனம் பொடிக்கிற மெஷினில் அரைத்துக்கொள்ளட்டும் என்றார். சவுரிராயனும் அந்தச் சேரிக்காரன்தான், வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். கேட்டுக்கொண்டு நின்றான். வேறென்ன செய்வான்?

மேற்கு மெஷினின் வாயை அவன் ஆள் உயரத்துக்கு மேலே வைத்துப் படம் போட்டிருந்தான். ஏணிப்படியில் ஓர் ஆள் நின்று, கூடையை வாங்கிக் கொட்ட வேண்டும். கிழக்கிலும் அப்படித்தான். சுப்பராயலு அந்த இடத்தைக் காலால் அழித்தார்.

"அதுங்க கூடையை எவன்டா கையால வாங்குவான்? வாயை எறக்கி வை. அதுங்களே வந்து கொட்டிக்கட்டும்."

"சுத்தி ஓடுற வேகத்துக்குத் துணி பட்டாலே இழுத்துரும்ங்க. குறுக்க கம்பியாவது போட்டுடறேங்க."

"கம்பி போட்டா பருத்திக்கொட்டை சிக்கிக்கும். சொன்னதைச் செய்."

சவுரிராயன் வாயை இறக்கினான். நிற்கிற பெண்ணின் இடுப்பு உயரம்.

மில் திறப்பதற்கு முந்தைய வாரம். மெஷின் இரண்டையும் பொருத்தியாகிவிட்டது. மேற்கே பெல்ட் இன்னும் மாட்டவில்லை. அதில் ஒரு மணி தானியம்கூட அதுவரை விழுந்ததில்லை. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். சவுரிராயன் மட்டும் டிரம்முக்கு அடியில் உட்கார்ந்து சல்லடைத் தகட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே கண் கூசுகிற வெயில். காக்கை கூடக் கத்தவில்லை.

சரசர... என்று தானியம் கொட்டுகிற சத்தம்.

எலி என்று நினைத்தான். ஸ்பானரை வைத்துவிட்டுக் காது கொடுத்தான். சத்தம் மூலையிலிருந்து வரவில்லை. அவன் தலைக்கு மேலே, டிரம்முக்குள்ளேயிருந்து வந்தது.

டக்... டக்... டக்...

உள்ளே சுத்திகள் அசைந்தன. பெல்ட் இல்லை. எஞ்சின் ஓடவில்லை. கைவைத்துத் தள்ள ஆளும் இல்லை. டிரம் நடுங்கியது. தகட்டின் வழியாக அவன் முழங்கையில் ஏதோ கொட்டியது. சூடாக, மெதுமெதுவென்று.

மாவு.

எழுந்திருக்கப் பார்த்தான். தலையை மட்டும் தூக்கினான்.

மெஷினுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

முகம் முழுக்க மாவு. கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. இடது கையில் பச்சைக் கண்ணாடி வளையல்கள். வலது கை புடவைக்குள் இருந்தது. காலடியில் இரண்டு கூடைகள். ஒன்றின் விளிம்பில் செப்புக் கம்பி சுற்றியிருந்தது.

அந்தக் கம்பியைச் சுற்றியவன் அவன்தான். அவன் வீட்டுக் கூடை அது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. மெஷினின் வாயைப் பார்த்தாள்.

"எவ்ளோ எறக்கி வச்சிட்டீங்க..."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை.

கத்த வாயைத் திறந்தான்.



டக்... டக்...

தூரத்தில் மதியப் பாசஞ்சர் ஊதியது. வண்டி ஒலக்கூர் ஸ்டேஷனைத் தாண்டுகிற வரைக்கும் தரை அதிர்ந்தது. அதிர்வு அடங்கியபோது எதிரே யாரும் இல்லை, கூடையும் இல்லை. டிரம் அசையாமல் கிடந்தது. தகட்டுக்கு அடியில் மட்டும் ஒரு பிடி கேப்பை மாவு, இன்னும் சூடு ஆறாமல் கிடந்தது. விரலால் கிளறினான். சுருக்கென்று குத்தியது. பச்சைக் கண்ணாடி வளையலின் ஒரு துண்டு.

அதை வெற்றிலைப் பாக்கு டப்பாவில் போட்டு மூடிவைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. இப்படிப்பட்டதை வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடும் என்று நம்முடைய ஜனங்களுக்கு ஒரு பயம் உண்டு. அவனுக்கும் அது இருந்தது. அவன் மனைவி செண்பகத்தின் கையில் அப்போது சிவப்பு வளையல்கள்தான் இருந்தன. அதனால் கொஞ்சம் தைரியமாக இருந்தான்.

அடுத்த சந்தைக்குச் செண்பகம் திண்டிவனம் போய்வந்தாள். கையை நீட்டிக் குலுக்கிக் காட்டினாள். இரண்டு கையிலும் பச்சை.

அவன் துள்ளி எழுந்தான். ஆசையாக நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, இதைக் கழற்றிவிடு, இனிமேல் இந்த வீட்டில் பச்சை வளையல் கூடாது என்றான். மில் திறந்த பிறகு அந்தப் பக்கம் காலை வைக்கக்கூடாது என்றும் சொன்னான். ஏன் என்று அவள் எத்தனை விதமாகக் கேட்டும் பதில் சொல்லவில்லை. புருஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அவள் மூக்கைச் சிந்தினாள்.

மில் திறந்தது. சேரிப் பெண்களுக்குச் சந்தோஷம்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். விடியற்காலையில் எழுந்து கையால் கல் சுற்றுகிற கஷ்டம் போயிற்றே. வாய் தாழ்வாக இருக்கிறது, கூடையைத் தலையிலிருந்து இறக்கி அப்படியே கவிழ்த்துவிடலாம், சவுரிராயன் நம் பிள்ளை அல்லவா, நமக்காகப் பார்த்துச் செய்திருக்கிறான் என்று அவனையே புகழ்ந்தார்கள். ஒவ்வொரு புகழ்ச்சியும் அவனை ஊசியாகக் குத்தியது. செண்பகத்தின் தங்கை அம்மணி ஒருத்திதான் சிரித்துக்கொண்டே அவனை நிறுத்திக் கேட்டாள்.

"மாட்டுக்கும் எங்களுக்கும் ஒரே வாயா மாமா?"

அம்மணிக்கு அந்தத் தையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். அவளிருக்கிற இடம் கலகலவென்றிருக்கும்.

அவன் சும்மா இருக்கவில்லை. பழைய இரும்புக் கம்பிகளை எங்கேயோ தேடிப் பிடித்து, கேட்காமலே வாயின் குறுக்கே அடித்துவிட்டான். மறுநாளே பருத்திக்கொட்டை சிக்கிக்கொண்டது. மில்லைப் பார்த்துக்கொண்ட ராஜாங்கம், பண்ணையார் உத்தரவு என்று அதைப் பிடுங்கிப்போட்டான். சவுரிராயன் சுப்பராயலுவிடம் போய், மனசு சரியில்லைங்க, ஒருத்தி கை போகப் போவுதுங்க என்று கெஞ்சினான். அவர் விழுப்புரத்தில் வேறு ஃபிட்டர் கிடைப்பானா என்று பக்கத்தில் இருந்தவரை விசாரித்தார். அதோடு பேச்சு முடிந்தது. பிறகு அவனால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. வெயில் உச்சிக்கு ஏறும்போதெல்லாம் மேற்கு மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். வருகிற பெண்கள் கையையெல்லாம் பார்த்தான். பச்சை வளையல் யார் கையிலும் இல்லை.

ஒரு நாள் பெல்ட் கிழிந்தது. ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். புதுசு வாங்கிவர அவனைத் திண்டிவனத்துக்கு அனுப்பினார்கள். போகமாட்டேன் என்று சொல்ல அவன் யார்? வாங்கிக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் கிடைத்த மாட்டுவண்டியில் ஏறி, கடைசித் தூரத்தை ஓட்டமும் நடையுமாக வந்தான். மில் சத்தம் வயல்களுக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது. சூரியன் உச்சந்தலையில். தன் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்ததைப் பார்த்தானாம்.

எஞ்சின் சத்தம் திணறியது.

நின்றது.

எங்கோ மதியப் பாசஞ்சர் ஊதியது.

பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

கூட்டம் விலகியது.

மெஷின் பக்கத்தில் ஒரு பெண் கிடந்தாள். முகம் முழுக்க மாவு. இடது கையில் பச்சை வளையல்கள். வலது கையின் மேல் யாரோ புடவையைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள்.

செண்பகம் என்று அலறிக்கொண்டு விழுந்தான். தன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

அம்மணி.

அந்த ஒரு மூச்சு நேரம் தனக்கு நிம்மதியாக இருந்தது என்று என்னிடம் சொன்னார். அந்த நிம்மதிக்காகச் சாகிற வரைக்கும் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார்.

அம்மணிக்கு இன்னும் உயிர் இருந்தது. அவனைப் பார்க்கவில்லை. மெஷினின் வாயைப் பார்த்தாள்.

"எவ்ளோ எறக்கி வச்சிட்டீங்க... மாமா."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மஞ்சள் தண்ணீர் ஊற்றி மெஷினைக் கழுவி, மறுநாளே பருத்திக்கொட்டை போட்டு ஓட்டினார் சுப்பராயலு. அந்தத் தீவனத்தை அவர் மாடுகள் மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கி நின்றன. மாடுகளுக்காவது ஈரம் இருந்ததே என்று நினைத்துக்கொள்வேன்.

அடக்கம் முடிந்து வந்த பிறகுதான் செண்பகம் வாயைத் திறந்தாள்.

"நீங்க கழட்டச் சொன்னீங்க. தாலி கட்டிக்கினவ வளையலை ஒடைச்சிப் போடலாமா? மனசு வரலை. அவகிட்ட குடுத்துட்டேன். அன்னிக்குத்தான் ஆசையா எடுத்துப் போட்டுக்கினா."

அவன் டப்பாவை எடுத்துத் திறந்தான். மாவிலிருந்து பொறுக்கிய வளையல் துண்டுகளைச் செண்பகம் ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தாள். தரையில் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு வளையலில் ஒரே ஓர் இடம் குறைந்தது. டப்பாவில் இருந்த துண்டு அங்கே மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. அந்தத் துண்டு அவன் கைக்கு வந்தபோது, அந்த வளையலைச் செண்பகம் சந்தையில் வாங்கியிருக்கவே இல்லை. அந்தத் துண்டை நான் என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

தான் வளையலைக் கழற்றச் சொன்னதால்தான் அம்மணி போனாள் என்று அவன் அடித்துக்கொண்டு அழுதான். அதோடு நின்றிருந்தால்கூட ஒரு மனுஷன் எப்படியாவது தேறியிருக்கலாம்.

செண்பகம் இன்னும் முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"என்னைத்தான் மில்லுப் பக்கம் போவக்கூடாதுன்னுட்டீங்க. வீட்ல மாவு இல்லை. நம்ம கூடையையும் அவகிட்டதான் குடுத்தனுப்சேன். ரெண்டு கூடையையும் தூக்கிக்கினு போனா."

அவன் எந்தத் தடையும் போடாத, மெஷினே ஓடாத அந்த முதல் நாளிலேயே அவள் காலடியில் இருந்தவை இரண்டு கூடைகள்.