ஊர் குளித்த எண்ணெய்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டுத் தீபாவளி சாக்கடைத் தண்ணீரோடு விடிந்தது. அப்பாவுக்கு ஊருக்கு வெளியே இருந்த கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. அங்கே அவரோடு முறைமாற்றி வேலை பார்த்த ஒரு அண்ணன் தலைதீபாவளிக்காக ஆமத்தூரில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். சுத்திகரிப்பு நிலையத்துக்கோ வருஷத்திலேயே கடினமான நாள் அதுதான். ஊரே விடியுமுன் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும். அத்தனை எண்ணெயும் ஏழு மணிக்கெல்லாம் அப்பாவிடம் வந்து சேரும்.

"அப்ப நாங்களும் வாறோம். இட்லியும் கறிக்கொழம்பும் அங்கன வச்சுச் சாப்பிட்டாப் போகுது" என்றாள் அம்மா.

தீபாவளியன்று வீட்டைவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை. அம்மா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டிருந்தாள். சீசன் முடிந்து கம்பெனியில் கொடுத்த பட்டாசுப் பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டே வண்டியில் வந்தேன். வாசலிலேயே அப்பா அதை வாங்கி வண்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"தொட்டிகள்ள வாயு இருக்கும் தாயி. இங்கன தீக்குச்சிகூட உரசப்படாது."

பட்டாசு ஊரில் இருந்துகொண்டு, பட்டாசே வெடிக்கக் கூடாத இடமாகப் பார்த்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறாரே என்று அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

சொன்னபடி ஏழு மணிக்கு எண்ணெய் வந்தது. சீயக்காய் நுரையும் எண்ணெயுமாக வாய்க்காலே மயில்கழுத்து நிறத்தில் மினுங்கியது. அப்பா நீளக் கம்பில் கட்டிய தட்டால் அள்ளி அள்ளி டிரம்மில் ஊற்றினார். அள்ளிய இடத்தை மறு நொடியே எண்ணெய் மூடியது. அடுத்த பெரிய தொட்டியில்தான் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருந்தன. எண்ணெய் அங்கே போய்விட்டால் அவை மூச்சுமுட்டிச் செத்துவிடும்; மறுபடி வளர்த்தெடுக்கும்வரை ஊர்க்கழிவு அப்படியே ஓடையில் கலக்கும். அப்பாவின் புதுச்சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எம்புட்டு நேரந்தான் இப்படியே அள்ளுவீக? பழைய சாக்கு கெடக்கா?" என்று கேட்டாள் அம்மா.

கிடந்தது. காலித் தண்ணீர் பாட்டில்களை மூடி, சாக்குக்குள் வரிசையாக வைத்துச் சுருட்டி, சணலால் கட்டினாள். அவள் விரல்கள் போன வேகத்தில் சணல் எங்கே உள்ளே போகிறது, எங்கே வெளியே வருகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. வாய்க்காலின் குறுக்கே அந்த நீளச் சுருட்டை மிதக்கவிட்டு இரண்டு முனையையும் கைப்பிடிக் கம்பியில் கட்டினாள். தண்ணீர் அடியில் போனது; எண்ணெய் மேலே தடுக்கி நின்றது. அப்பா அதைப் பாலாடையைப்போல் வழித்தெடுத்தார்.

"இத்தன வருசமா எனக்குத் தோணலையே."

"நீங்க சரம் பின்னியிருக்கீகளா?" என்று அம்மா சிரித்தாள். நான் கோபத்தை மறந்து கைதட்டினேன்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் சாப்பிட்டோம். பக்கத்துக் கொட்டகையில், தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார் ஓயாமல் இரைந்தது. பேசினால் காதருகே வந்து பேச வேண்டும். அந்த இரைச்சலிலும் அம்மா முந்தானையை விரித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்தபடி மாலைவரை தூங்கினாள். அப்பா சற்றுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓடி விளையாடக் கூடாது என்று எனக்குச் சைகை காட்டினார். இருட்டியபின் வீட்டுவாசலில் நான் பெட்டியைக் காலி செய்தேன். அம்மா வெளியே வரவில்லை. அடுப்படியில் வேலை இருக்கிறது என்றாள்.

மறு வருஷம் அந்த அண்ணன் ஊரில்தான் இருந்தார். அப்படியும் அப்பா தீபாவளி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு எங்களையும் கூட்டிப்போனார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. அப்பாவுக்கு எங்களைவிட அந்தத் தொட்டிமேல்தான் பிரியம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். வெடிமருந்தோடு வேலை பார்க்கிறவளுக்கு வெடிச்சத்தம் கேட்டாலே எந்தக் கம்பெனியில் விபத்தோ, யாருக்கு என்ன ஆனதோ என்றுதான் மனசு ஓடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த முதல் தீபாவளியன்று சுற்றிலும் ஊர்கள் வெடித்துக்கொண்டிருக்க, மோட்டார் இரைச்சலில் ஒரு வெடிகூடக் காதில் விழாமல் அவள் தூங்கியதை அப்பா பார்த்துவிட்டிருந்தார்.