மரநாயும் மனைவியின் அத்தை மகனும்

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், செம்பரம்பாக்கத்திலிருந்து ஏரி மீன் வாங்கிக்கொண்டு என் மனைவியின் அத்தை மகன் வேலப்பன்சாவடியில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துவிடுவான். முறைப்பையன். இவளைக் கட்டியிருக்க வேண்டியவன் என்று எங்கள் கல்யாணப் பந்தியிலேயே யாரோ என் காதுபடச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவன் பைக் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பின்பக்கத்துக் காலி மனையில் கீரி ஓடியது. அதை ஏன் கீரிப்பிள்ளை என்கிறார்கள் என்று இவள் கேட்டாள். பக்கத்தில் நான் இருக்க, அவனைப் பார்த்துக் கேட்டாள்.

“அதுவா? நம்ம ஆளுங்க கொழந்தைய வரப்போரம் தூளியில போட்டுட்டு நடவுக்குப் பூடுவாங்க. பாம்பு அண்டாம பாத்துக்கினது இதான். அதான் அதையும் ஒரு புள்ளயா சேத்துக்கினாங்க.”

இவள் கண் கலங்கிவிட்டது. அந்த ‘நம்ம ஆளுங்க’ளில் திருநெல்வேலிக்காரனான எனக்கு இடமில்லை. “சும்மா கட்டுக்கதை” என்றேன்.

“இருந்துட்டுப் போவட்டுமே, உனக்கு இன்னா?” என்றாள்.

விடுவேனா? அவனுக்கு ஒரு கீரி என்றால் எனக்கு ஒரு மரநாய். ஆபீசில் வேலையைப் போட்டுவிட்டு மரநாயைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அன்று மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ம்” என்றாள், அவ்வளவுதான். 

போன வாரம் ஆபீஸ் விட்டு வந்து வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே எதிர்வீட்டு அக்கா, மொட்டைமாடியில் பூனை மாதிரி ஏதோ ஓடியதென்று இவளிடம் பயந்துபோய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அது பூனை இல்லக்கா, மரநாய். மூஞ்சி நாயாட்டம் நீண்டுகினு இருக்கும், மரம் ஏறும். அதான் அந்தப் பேரு. பனைமரத்துல ஏறி, பானையில கீற கள்ளையே குடிச்சிட்டுப் பூடுமாம்!”

நான் சொன்னது, ஒரு வார்த்தை விடாமல். அந்த அக்கா பயம் போய்ச் சிரித்தார். கையில் ஒற்றை ஷூவோடு நான் நெஞ்சு நிமிர்த்தி நின்றேன்.

“உனக்கு யாரும்மா இதெல்லாம் சொன்னது?”

“வேற யாரு? எங்க அத்த மவன்தான். அவனுக்குத்தாங்க்கா இதெல்லாம் தெரியும்.”