மார்வா சொல்லாத பதினோரு நாள்

மார்வா ஓல்ஸ்டாட் மாநில உச்ச நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். மனுக்களை வாங்கி முத்திரை குத்துவது, ஏழு நீதிபதிகளின் அறைகளுக்கும் கட்டுகளைப் பிரித்து அனுப்புவது, தீர்ப்பு வெளியாகும் செவ்வாய்க்கிழமைகளில் நகல்களை மேசையில் அடுக்கி வைப்பது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளில் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருந்தாள்: வெளியாகும் வரை எந்தத் தீர்ப்பையும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று. அதுவரை அது அவளுக்குப் பாரமாகத் தோன்றியதே இல்லை.

அக்காள் கோரினின் ஒரே மகன் டெரிக், ஒரு காலை தான் நடத்திவந்த டயர் கடையைத் திறக்கப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டான். டெரிக் வேலையை விட்டு நீக்கிய வேட் சாமர்ஸ் என்பவன் அதற்கு முந்தின வாரம்தான் கடை வாசலில் நின்று, "உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று கத்திவிட்டுப் போயிருந்தான். பொதுமக்கள் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி அவனைக் குற்றவாளி என்றது; ஆயுள் தண்டனை கிடைத்தது. மூன்று வருடம் கழித்து மேல்முறையீடு மார்வாவின் நீதிமன்றத்துக்கே வந்து சேர்ந்தது.

அவள் அன்றே பதிவாளர் டன்லப்பிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"செத்தவன் என் அக்கா பையன் சார். இந்தக் கட்டை என் கண்ணுலயே காட்டாதீங்க."

டன்லப் கட்டைத் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஆனால் பிப்ரவரியில் காய்ச்சல் வந்து அலுவலகத்தில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, அச்சகத்துக்குப் போகவேண்டிய தீர்ப்புப் பட்டியல் தவறுதலாக மார்வாவின் மேசைத் தட்டில் வந்து விழுந்தது. மூன்றாவது வரி: சாமர்ஸ் வழக்கு, தண்டனை ரத்து, மறுவிசாரணைக்கு உத்தரவு, நான்குக்கு மூன்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆர்விட் ஸ்டோல்பெர்க். வெளியாக இன்னும் பதினோரு நாள் இருந்தது.

அந்தப் பதினோரு நாளில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. ஞாயிறு மதியம் அக்காள் வீட்டில்தான் சாப்பாடு. முதல் ஞாயிறு, கோழியும் நூடுல்ஸும் வைத்து அடுப்பில் சுட்ட பதார்த்தத்தைப் பரிமாறிக்கொண்டே கோரின் சொன்னாள்: "நம்ம அரசு வக்கீல் சொல்றாரு, அவனோட அப்பீல் நிக்கவே நிக்காதாம். உங்க கோர்ட்டு தூக்கிப் போட்டுடுமாம். அப்புறம் நான் நிம்மதியா தூங்குவேன்டி."

"ம்" என்றாள் மார்வா.

"என்ன, தட்டுல பாதி அப்படியே வச்சிருக்க?"

"காலையில நிறைய சாப்பிட்டுட்டேன்க்கா."

இரண்டாவது ஞாயிறு, காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் போகவே இல்லை. செவ்வாய் காலை பத்து மணிக்குத் தீர்ப்பு வெளியானது. பத்தே காலுக்கு ஒரு தொலைக்காட்சி நிருபர் கோரின் வீட்டு வாசலில் மைக்கை நீட்டினான். அவளுக்கு விஷயம் அவன் வாயால்தான் தெரிந்தது.

அன்று மாலை மார்வா போனபோது கோரின் உள்ளே விடவில்லை. வலைக்கதவுக்குப் பின்னால் நின்றே கேட்டாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

இந்த முறை மார்வாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை."

"என் கையால சாப்பிட்டியேடி! என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டியே!"

"சொல்லக்கூடாதுக்கா. சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"யாருக்கு? அந்த ஏழு கறுப்பு அங்கிக்கா? டெரிக்கைக் கைக்குழந்தையில அவங்களா குளிப்பாட்டினாங்க? நீ குளிப்பாட்டினே."

கதவு சாத்தப்பட்டது.

தீர்ப்பின் காரணம் எளிமையானது. பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்த ஓபல் என்ற அம்மாள், கொலை நடந்த அதே நேரத்தில் நாற்பது மைல் தள்ளி, தன் பம்பில் சாமர்ஸைப் போல ஒருவன் பெட்ரோல் போட்டதாகப் போலீசிடம் சொல்லியிருந்தாள். அரசு வழக்கறிஞர் அந்த வாக்குமூலத்தை எதிர்த்தரப்புக்குக் காட்டவே இல்லை. ஜூரி அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும்தான் ஸ்டோல்பெர்க் எழுதியிருந்தார். மறுவிசாரணை முடியும் வரை சாமர்ஸ் அதன்பிறகும் சிறையில்தான் இருந்தான்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஸ்டோல்பெர்க் தேர்தலில் நிற்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் ஆளுநர் நியமித்த நீதிபதிகள் ரயில் கம்பெனிக்காரர்களின் சட்டைப்பையில் இருக்கிறார்கள் என்ற கோபத்தில், நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று அந்த மாநிலத்தார் சட்டம் எழுதிக்கொண்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் அந்தத் தேர்தலை யாரும் கவனித்ததில்லை. தேவாலயக் கூடத்தில் பான்கேக் அப்பம் தின்று கைகுலுக்குவதோடு முடிந்துவிடும். இந்த முறை அப்படி இல்லை. கல்குவாரித் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளிகளுக்கு ஸ்டோல்பெர்க் நஷ்டஈடு வழங்கியிருந்தார். குவாரி முதலாளிகளுக்கு அவரைத் தொலைக்க வேண்டும். குவாரித் தூசியைச் சொல்லி யாரிடம் ஓட்டுக் கேட்க முடியும்? அவர்கள் கோரினைத் தேடி வந்தார்கள்.

விளம்பரம் முப்பது விநாடி. டெரிக்கின் பள்ளிப் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கோரின் நிற்பாள். "என் மகனைக் கொன்றவனுக்கு நீதிபதி ஸ்டோல்பெர்க் கதவைத் திறந்துவிட்டார்" என்பாள். செய்தி நேரத்தில், பந்து விளையாட்டின் இடைவேளையில், மாநிலம் முழுக்க அது ஓடியது. மார்வா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, அவன் இன்னும் உள்ளதான் இருக்கான்."

"எழுதிக் கொடுத்தாங்க, படிச்சேன். நீ அவங்க பக்கம், எனக்குத் தெரியும். யாருக்கு ஓட்டுப் போடப் போற?"

"ஸ்டோல்பெர்க்குக்கு" என்றாள் மார்வா.

கோரின் போனை வைத்துவிட்டாள்.

வழக்கு நிலுவையில் இருந்ததால் ஸ்டோல்பெர்க் பதில் பேசக்கூடாது என்பது விதி. அவர் பேசவில்லை. ஒன்பதாயிரம் ஓட்டில் தோற்றார். பதவியின் கடைசி நாள், பெட்டிகளோடு மார்வாவின் மேசைக்கு வந்தார்.

"உங்க அக்கா எப்படி இருக்காங்கம்மா?"

"எங்கூடப் பேசறதில்லைங்க ஐயா."

"நான் அவங்க இடத்துல இருந்திருந்தா நானும் படத்தைத் தூக்கிட்டுத்தான் நின்னிருப்பேன்" என்றார் அவர். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இலையுதிர் காலத்தில் மறுவிசாரணை நடந்தது. கோரின் ஒருநாள் தவறாமல் போய் உட்கார்ந்தாள். நான்காம் நாள் ஓபல் கூண்டில் ஏறினாள். ரொட்டி வண்டி வந்து இறக்கிக்கொண்டிருந்த நேரம் என்பதால் மணி நன்றாக நினைவிருக்கிறது என்றாள். அந்த ஆள் இடதுகை விரல் நுனி இல்லாமல் சில்லறை பொறுக்கச் சிரமப்பட்டான் என்றாள். சாமர்ஸ் விரல் நுனி போன தன் இடதுகையைக் கூச்சத்தோடு மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டதைக் கோரின் பார்த்தாள்.

அன்று சாயங்காலம், அரை வருடத்துக்குப் பிறகு மார்வாவின் தொலைபேசியில் அக்காள் குரல்.

"அந்தம்மா பொய் சொல்லலைடி."

மார்வா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதை முதல்லயே யாராவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? அந்த அரசு வக்கீல் எங்க வீட்டுக்கு வந்து காபி குடிச்சான். சொல்லவே இல்லையே." பிறகு மெதுவாக, "அப்போ யாருடி என் பிள்ளையைக் கொன்னது?"

ஜூரியாலும் அதைச் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு பேரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டிய முடிவில் எட்டுப் பேர் ஒரு பக்கம், நாலு பேர் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றார்கள். மூன்றாம் முறை நடத்த விருப்பமில்லை என்று அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. சாமர்ஸ் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மறுபடி தொடங்கியது, இந்த முறை மார்வா வீட்டில். இப்படி ஒரு மார்ச் மாதம் இருவரும் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சியில் கோரினின் குரலே கேட்டது. அதே படம், அதே நெஞ்சு. பெயர் மட்டும் மாறியிருந்தது. அன்றைக்கு ஸ்டோல்பெர்க்கோடு சேர்ந்து கையெழுத்திட்ட நீதிபதி பெட்ரா கெல்லாக் இந்த முறை தேர்தலில் நின்றார்.

"நான் கெல்லாக்குனு சொல்லவே இல்லையே!" கோரின் ஈரக் கையோடு கூடத்துக்கு ஓடினாள். "அந்தப் பேரை வேற யாரோ சொல்றாங்க. என் வாயை மட்டும் காட்டறாங்க."

மறுநாள் ஒரு வக்கீலிடம் போனார்கள். அவர் கோரின் முன்பு கையெழுத்திட்ட தாளைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். படமும் குரலும் என்றைக்கும் விளம்பரம் எடுத்தவர்களுக்கே சொந்தம், எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம் என்று அதில் இருந்தது. கோரின் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான் சொன்னது தவறு, நீதிபதி யாரையும் விடுவிக்கவில்லை என்று நாலே வரி. அது ஒருநாள் உள்பக்கத்தில் வந்தது. விளம்பரம் தேர்தல் வரை தினமும் ஓடியது.

கெல்லாக் எழுநூறு ஓட்டில் தப்பினார். கடிதத்தால் தப்பினாரா, அன்றைய மழையில் பலர் ஓட்டுப்போட வராததால் தப்பினாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. செய்தியைக் கேட்ட கோரின் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "டெரிக் படத்தையாவது அவங்ககிட்டேருந்து திருப்பி வாங்க முடியுமாடி?" என்று கேட்டாள்.

"கேட்டுப் பாக்கறேன்க்கா" என்றாள் மார்வா. யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.