கப்பல் கிழக்கே திரும்பிய வகுப்பு

நேற்று அம்பகரத்தூர் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. கண்டக்டர் மட்டும், "உள்ள போங்க, இன்னும் பத்து பேரு நிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாருடைய முழங்கையோ விலாவில் இடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருநாள் நானும் இப்படித்தான் நாற்பது பிள்ளைகளை நெருக்கினேன்.

வரிச்சிக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக வரலாற்று டீச்சராகச் சேர்ந்த புதிது. எட்டாம் வகுப்புக்கு ஓர் அடிமைக் கப்பலில் நடந்த கலகத்தை நடத்த வேண்டும். புத்தகத்தில் நாலே வரி. வாசித்தேன், பாதி வகுப்பு கொட்டாவி விட்டது. எனக்கும் வந்தது, உங்களிடம் மறைப்பானேன்? மறுநாள் பெஞ்சுகளை ஓரங்கட்டி, சிவப்பு சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கப்பல் வரைந்து, பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக நெருக்கிப் படுக்க வைத்தேன். முதலில் ஒரே கூத்து. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு தானாக அடங்கியது. புரண்டு படுக்கக்கூட முடியாதே.

பிறகு கலகம். எல்லாரும் எழுந்தார்கள். "கப்பலைப் புடிச்சிட்டாங்க, ஆனா ஓட்டத் தெரியாது" என்றேன்.

"அப்ப எப்புடி டீச்சர் வீட்டுக்குப் போறது?"

அந்தோணியம்மாள் கையைத் தூக்கினாள். மீன்பிடிக் குடும்பத்துப் பெண். அதுவரை வாயே திறந்ததில்லை. மக்கு என்று நானாக முடிவுகட்டியிருந்தேன்.

"அவங்க ஊரு எந்தப் பக்கம் டீச்சர்?"

"கிழக்க."

"எங்கப்பாவுக்குக் கரை மேக்க. காலைல வெயிலு முதுகுல அடிச்சா வீட்டுக்கு வர்றோம்னு அர்த்தம். இவங்களுக்கு மூஞ்சில அடிக்கணும். அவ்ளோதான்."

நிஜத்தில் அவர்கள் செய்ததும் அதுதான். புத்தகத்தில் அது இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"எல்லாரும் கிழக்க திரும்புங்க!" என்று அவளே கத்தினாள். வகுப்பு வாசல் பக்கம் திரும்பியது. அங்கே தலைமை ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

வேலை போச்சு என்று நினைத்தேன். அதற்குள் ஒரு பையன், "சார், நீங்கதான் கேப்டன். உங்களப் புடிச்சாச்சு!" என்றான்.

சார் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்பீஸ் கோட்டுக்குள் வந்தார். "சரி, புடிச்சிட்டீங்க. ஊரு போய்ச் சேந்தாங்களா?"

கப்பலை ஓட்டுவதற்காக உயிரோடு விட்டுவைத்தவர்கள் இருட்டியதும் திசையை மாற்றி ஏமாற்றியது, வேற்று நாட்டில் கரை ஒதுங்கியது, வழக்கு நடந்தது, உயிரோடு மிஞ்சியவர்கள் கடைசியில் ஊர் சேர்ந்தது, எல்லாம் சொன்னேன். மணி அடித்தும் யாரும் நகரவில்லை, சார் உட்பட.

போகும்போது, "அடுத்த வாரம் ஆய்வுக்கு வர்றாங்கம்மா. அன்னிக்கு மட்டும் பெஞ்சுல உக்கார வைங்க" என்றார்.

அந்த சார் இப்போது இல்லை. வகுப்பறைக்கு வெள்ளை டைல்ஸ் போட்டுவிட்டார்கள். பளபளவென்று அழகாகத்தான் இருக்கிறது, சாக்பீஸ்தான் பிடிப்பதில்லை.