ஹெலிகாப்டரும் எவர்சில்வர் தட்டும்

நான்கு வருடங்களுக்கு முன்னால், பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோலார் தங்க வயலில், எங்கள் நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால், தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டின் அடியில் ஒரு காலி மைதானம் உண்டு. கையில் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக, நாற்பத்தேழு வயதில், ஒரு ரிமோட் ஹெலிகாப்டருக்காக நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். எப்படி அங்கே போய் நின்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. எங்கள் ஊரில் பாதிப் பேரைப் போல நானும் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் போய் ராத்திரி திரும்புகிறவள். ரயிலில் எங்கள் கூட்டத்துப் பெண்கள் கீரை ஆய்வார்கள், பூ கட்டுவார்கள், மருமகள்களைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு ஜன்னல்தான் பிடிக்கும். ஒருநாள் பெங்களூர் நெருங்கும்போது தூரத்தில் ஒரு ஹெலிகாப்டர் வானத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ரயில் நகர்கிறது, மரங்கள் நகர்கின்றன, அது மட்டும் நகரவில்லை. பஸ் நின்றால் தரைமேல் நிற்கிறது. காக்கா நின்றால் கம்பிமேல் நிற்கிறது. இது எதன்மேல் நிற்கிறது?

பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். “காத்து மேல நிக்குது, போதுமா? கீரையை ஆயி” என்றாள்.

எனக்குப் போதவில்லை. ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது தீரும்வரை எனக்குச் சோறு இறங்காது. காற்றுமேல் நிற்கிறது என்றால், காற்று அடிக்கும்போது ஏன் அது அடித்துக்கொண்டு போகவில்லை? முன்னால் போக எதைத் தள்ளுகிறது? வாலில் எதற்கு இன்னொரு குட்டி விசிறி? ஃபோனில் தேடினேன். தேடத் தேட ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டர்கள் வந்து விழுந்தன. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம், மூன்று மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாஷை புரியாத வீடியோவைக்கூட விடவில்லை. கூட்டத்துப் பெண்கள் எனக்குப் ‘பைலட்டம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைசியில் ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். எதை வாங்குவது என்பதில்தான் வந்தது வினை.

ஒரு சனிக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்தது. பெங்களூரில் மாடல் விமானங்கள் மட்டுமே விற்கும் ஒரு சின்னக் கடையைத் தேடிக் கண்டுபிடித்துப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கன்னடம் கலந்த தமிழில் பேசினார். இதற்குமுன் என்ன பறக்கவிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். பட்டம்கூட விட்டதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் உள்ளங்கை அளவில் ஒரு ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து வைத்தார். அதன் தலையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி இறக்கைகள். இரண்டும் எதிரெதிராகச் சுற்றும், அதனால் தன்னைத்தானே சமாளித்துக்கொள்ளும், முதல் சில வாரங்கள் வீட்டுக்குள்ளேயே விடுங்கள் என்றார்.

என் கண் அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருந்தது. கருப்பாக, முழங்கைக்கு மேல் நீளமாக ஒன்று நின்றிருந்தது. ஒரே ஜோடி இறக்கை, அதன் கீழே குச்சி குச்சியாகப் பளபளக்கும் இரும்புக் கம்பிகள். நான் தேடிக்கொண்டிருந்த ரகசியம் முழுவதும் அந்தக் கம்பிகளுக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. விரலை நீட்டினேன்.

“அது பேடா, வேண்டாம் மேடம். மொதல்ல இது. அப்புறம் பாக்கலாம்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. டிபன் பையோடு கோலார் பக்கத்திலிருந்து ரயிலில் வரும் பொம்பளைக்கு இந்தச் சொப்புச் சாமான் போதும் என்று நினைக்கிறார் போல. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ரயிலேறும் வரைக்கும் அந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரமே ஃபோனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஊரைக் காலி செய்துகொண்டு போகும் ஒருவர், அதே மாதிரி பெரிய ஹெலிகாப்டரைப் பாதி விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார். அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெட்டியைக் கையில் கொடுத்து வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

பெட்டியைத் திறந்ததும் என் வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கம் மூடும்வரை அவர் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஷாஃப்ட் என்கிற ஆழமான சுரங்கக் குழிக்குள் ஆட்கள் இறங்கி ஏறும் இரும்புக் கூண்டைக் கேஜ் என்போம். அதை மேலேயும் கீழேயும் ஓட்டுவது அவர் வேலை. இதில் வேடிக்கை, டிரைவர் கண்ணுக்குக் கேஜ் தெரியவே தெரியாது. அவர் இன்ஜின் ரூமில் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு பெரிய டயல், அதன் முள்தான் கேஜ் எந்த ஆழத்தில் போகிறது என்று காட்டும். கீழிருந்து பெல் அடிப்பார்கள். எத்தனை பெல் என்று எண்ணி, அதன்படி லீவரைத் தொடவேண்டும். இப்போது பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டும் ஜெனரேட்டரும் பார்க்கிறார். ஆனால் கை மட்டும் இன்னும் அந்த லீவரை மறக்கவில்லை.

“இன்னாமே இது, பெரிய தட்டான் மாதிரி கீது?” என்றார். ரிமோட்டைக் கையில் வாங்கியதும் முகமே மாறிவிட்டது. “நான் ஓட்டறேன். எத்தினி பேரை எறக்கி ஏத்துனவன் நானு! அவ்ளோ ஆழத்துல கேஜை அங்குலம் தப்பாம நிறுத்தினு இருந்தேன். இது இன்னா, இடுப்பு ஒசரம்!”

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அவர் ஓட்டினால் நான் எதிரே நின்று அந்தக் கம்பிகள் எப்படி அசைகின்றன என்று நன்றாகப் பார்க்கலாமே. ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். பெல் இல்லாமல் ஓட்டமாட்டாராம். எங்கள் வீட்டில் பெல்லுக்கு எங்கே போவது? கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் என் பெயர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டேன். மூன்று தட்டினால் தூக்கு, இரண்டு தட்டினால் இறக்கு, ஒன்று தட்டினால் நிறுத்து. எங்கள் வசதிக்கு இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று இரண்டு பேருமே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டுதான் மைதானத்துக்குப் போனோம்.

தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு ஹெலிகாப்டரை அதில் வைத்தோம். அதன் மூக்கு என்னைப் பார்த்திருந்தது. நான் பத்தடி தள்ளி நின்றேன், அவர் அதற்குப் பின்னால் இன்னும் தூரத்தில். மூன்று தட்டினேன்.

வீடியோவில் கேட்ட சத்தம் வேறு, இது வேறு. வெள்ளை மண் புகையாகக் கிளம்பியது. அது எழும்பியது. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், மார்பு உயரம். ஒரு கணம் நின்றது, சத்தியமாக நின்றது. அந்தக் கம்பிகள் படபடவென்று துடிப்பதை என் கண்ணால் பார்த்தேன். ஆகா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அது மூக்கைத் தாழ்த்திக்கொண்டு என்னை நோக்கிக் கிளம்பிவிட்டது.

ஒன்று தட்டவேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் பயத்தில் கை ஒன்றோடு நிற்குமா? தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினேன், அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவரைப் பார்த்தேன். அவர் ஹெலிகாப்டரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குனிந்த தலையோடு ரிமோட்டில் இருந்த சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பெல்லை எண்ணிக்கொண்டிருந்தாராம். எண்ணிக்கை பிடிபடவில்லை. பெல் புரியவில்லை என்றால் லீவரை அசைக்கக் கூடாது, அது சுரங்கத்தில் பழகிய பழக்கம். அதனால் கையை அப்படியே ஆடாமல் வைத்திருந்தார்.

தட்டை முகத்துக்கு நேராகத் தூக்கியது நான் யோசித்துச் செய்ததல்ல. டணார் என்று ஒரு அடி. தட்டு என் நெற்றியில் வந்து மோதியது, கரண்டி எங்கேயோ பறந்தது, நான் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். இறக்கை துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஒரு துண்டு என் முழங்கையைக் கீறியிருந்தது. ஹெலிகாப்டர் என் காலடியில் பக்கவாட்டில் கிடந்து துடித்தது.

அவர் ஓடி வந்தார். ரிமோட்டைப் போட்டுவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கண்ணை மூடச் சொன்னார், திறக்கச் சொன்னார், மறு கண்ணை மூடச் சொன்னார். தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் புருவத்து மண்ணைக் கட்டைவிரலால் திரும்பத் திரும்பத் துடைத்தார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்தக் கையைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும், “தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சும்பாங்க, உனக்கு சாப்புடற தட்டோட போச்சு, போ” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சாயங்காலம் டீ கொடுத்தபோது, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“வெறும் கேஜ் வுடாம ஆளை ஏத்திட்டேன்மே.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். ஒவ்வொரு ஷிஃப்ட் ஆரம்பத்திலும் ஆட்களை ஏற்றுவதற்குமுன் காலிக் கேஜை ஒருமுறை அடிவரை விட்டு மேலே கொண்டுவந்து பார்ப்பார்களாம். எவ்வளவு அவசரம் என்றாலும், எந்த அதிகாரி வந்து நின்றாலும், அதற்குப் பிறகுதான் மனிதர்களை ஏற்றுவது. அவர் வேலை பார்த்த அத்தனை வருடத்தில் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லையாம். “பொம்மைதானேன்னு நெனச்சிட்டேன். முன்னால நிக்கறது நீ” என்றார்.

அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எதிரே போய் நின்றது நான். அந்தப் பெரியதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான்தான்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேருமாக அதே கடைக்குப் போனோம். உடைந்ததை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். திட்டினால் கேட்டுக்கொள்வது என்று தயாராகத்தான் போனேன். கடைக்காரர் பையைத் திறந்து பார்த்தார், என் நெற்றி வீக்கத்தைப் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் இல்லையே என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பெரிய ஹெலிகாப்டர் தன்னைத்தானே சமாளிக்காது, ஒவ்வொரு நொடியும் ஓட்டுகிறவர்தான் பிடித்து நிறுத்தவேண்டும், அது தெரியாத கைக்கு அந்த இறக்கை கத்தி மாதிரி என்று பொறுமையாக விளக்கினார். இதைத்தானே முதல் நாள் சொல்ல வந்தார்! நான்தான் உட்காரவில்லை.

அந்த உள்ளங்கை அளவு ஹெலிகாப்டரை வாங்கி வந்தோம். இந்த முறை நான்தான் பைலட். என் வீட்டுக்காரர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. எந்த நாள் பறக்கவிட்டாலும், அன்றைய முதல் ஓட்டத்தில் அறைக்குள் என்னைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. அவர்கூட வாசலில்தான் நிற்பார். கட்டிலில் மோதியது, காலண்டரைக் கிழித்தது, ஒருமுறை குழம்புச் சட்டியில் இறங்கியது. மூக்கு என்னைப் பார்த்துத் திரும்பினால் இடதும் வலதும் மாறிப்போகும் என்பது மண்டையில் ஏறவே இரண்டு மாதம் ஆனது.

அதற்கப்புறம் ஒருநாள் அது நடுவீட்டில், அசையாமல் நின்றது. குனிந்து என் விரல்களைப் பார்த்தேன். அவை ஒரு கணமும் சும்மா இல்லை. கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று திருத்திக்கொண்டே இருந்தன. ரயில் ஜன்னலில் எனக்கு வந்த சந்தேகத்துக்குப் பதில் அதுதான். வானத்தில் அசையாமல் நின்ற அந்த ஹெலிகாப்டருக்குள்ளும் யாரோ ஒருவர் கை ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. அடுத்த நாள் ரயிலில் சொன்னேன். “அப்பாடா, இனிமேலாவது கீரை ஆய்வியா?” என்றாள் என் தோழி.

அந்தத் தட்டை நான் தூக்கிப் போடவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பள்ளம். தினமும் அதில்தான் சாப்பிடுகிறேன். ரசம் ஊற்றினால் அந்தப் பள்ளத்தில்தான் முதலில் தேங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம், கண்ணில் பட்டதற்கெல்லாம் ஏன், எப்படி என்று ஊரையே கேட்டுக்கொண்டிருந்த நான், ‘வேண்டாம்’ என்று சொன்ன அந்த ஒரு மனிதரிடம் மட்டும் ‘ஏன்?’ என்று கேட்காமல் எழுந்து வந்தது நினைவுக்கு வந்து, இன்றைக்கும் என் கை தானாகக் கண்ணைத் தொட்டுப் பார்க்கிறது.