ஆனி மாதத்தில் போட்ட தளம்

பேச்சிராஜ் வடக்குப்பட்டு ஊரை விட்டுப் போனது தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. கட்டிலும் கேஸ் அடுப்பும் குட்டி யானையில் ஏறிவிட்டன. அவன் மனைவி சந்தனமாரி கைக்குழந்தையோடு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேச்சிராஜ் மட்டும் வீட்டுச் சொந்தக்காரியான என் சித்தி சசிகலாவின் முன்னால் நின்றான், திருப்பி வாங்கிய அட்வான்ஸ் கையில் இருந்தது.

"யக்கா, ஒரு மாச வாடகை குறையுதே?"

"பெயிண்ட் காசு, தம்பி. காலி பண்ணா புடிப்போம்னு வரும்போதே சொன்னேன்ல."

"சொன்னீங்க. எனக்கு முன்னாடி இருந்த கொம்பையா அண்ணன்கிட்டயும் புடிச்சீங்க. ஆறு வருசமா இருக்கேன், அந்தச் செவத்துல ஒரு பிரஷ்ஷாவது பட்டிருக்கா? பெயிண்டை டப்பாவோட குடிச்சிட்டீங்களாக்கும்?"

வண்டிக்குள் சந்தனமாரி சிரித்துவிட்டாள். சித்தி சிரிக்கவில்லை.

"செவுத்துக்கு இன்னா அவசரம்? மேல தளம் கீற நெலமைக்கு அந்தக் காசு வோணும்."

"தளம் எம்புள்ள தொட்டில்லயே வந்து விழுந்துருச்சுக்கா" என்றான் பேச்சிராஜ்.

சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். முந்தைய வாரத்து மழையில் கூரைப் பூச்சு பெயர்ந்து தொட்டிலில் விழுந்திருந்தது. குழந்தை அந்த நேரம் சந்தனமாரியின் இடுப்பில் இருந்ததால் தப்பித்தது. அதனால்தான் காலி செய்தார்கள்.

அந்த மூன்றாம் அறைக்குத்தான் நான் குடிவந்தேன். வெளிநாட்டு விடுதிகளில் அறை கூட்டி, படுக்கை விரித்துப் போட்டுச் சம்பாதித்து, அந்தக் காசில் அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவள், கையில் ஒன்றும் இல்லாமல் ஊர் திரும்பியிருந்தேன். "வாடகைக்கு வுட மனசு வரல. நீ வேணா இருந்துக்கோ, சுபஸ்ரீ. கட்டில கதவாண்ட போட்டுக்கோ" என்றாள் சித்தி. படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் தளத்தின் துருப்பிடித்த கம்பிகள் தெரிந்தன.

அந்தத் தளம் போட்டபோது சித்திக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த பணத்தில், சித்தப்பா ஜீவானந்தம் எதிரெதிராக எட்டு அறைகள் கொண்ட லைன் வீடு கட்டினார். கம்பெனிகளில் ஆள் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். தெற்கத்திப் பையன்கள் பையும் பாயுமாக அறை தேடி அலைந்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் புதுமனை புகுவிழா வைக்க முடியாது. ஒரு மாத வாடகை போய்விடும். ஆனியின் கடைசி முகூர்த்தத்துக்கே நாள் குறித்தார்கள்.

தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியவள் சித்திதான். வயலுக்குக் கட்டுகிற அதே பாத்தி. காங்கிரீட் இறுக, குறைந்தது மூன்று வாரம் தண்ணீர் நிற்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். ஒரே வாரத்தில் சித்தப்பா பாத்தியை உடைத்துத் தண்ணீரை வடித்தார். தளத்தைத் தாங்கிய முட்டுகளைப் பிரித்து, வாழை மரம் கட்டினார்கள். பச்சைத் தளத்தின் கீழ் ஹோமப் புகை போனது. ஊரில் பாதி லைன் வீடுகள் அப்படித்தான் எழுந்தன.

"நல்ல நாள் பாத்துப் பண்ணதும்மா, ஒண்ணும் ஆவாது" என்று சித்தப்பா இன்றும் சொல்வார்.

"நாளு நல்ல நாளுதான். அத காங்கிரீட்டுகிட்ட யாரு சொல்றது?" என்பாள் சித்தி.

முதல் மழையிலேயே கூரையில் ஈரத்தைப் பார்த்தவள் அவள். அன்றிலிருந்து பெயிண்ட் காசு ஒரு ரூபாய்கூடச் சுவருக்குப் போகவில்லை. எல்லாம் தபால் நிலையத்தில் தளத்துக்கென்று சேர்ந்தது. கஞ்சம் என்று லைன் முழுக்கப் பேர் வாங்கினாள். அந்தக் காசின் மேல் மகன் லோகேஷுக்கு வேறு ஆசை இருந்தது.

"ம்மா, மேல நாலு ரூம் எடுத்துடலாம். ஒரகடத்துல போய்ப் பாரு, எல்லாரும் மாடி ஏத்திட்டான். நீதான் தளத்த கட்டிகினு அழுவுற."

"கீழ இருக்கறதே வுழுந்துகினு கீது. அது தலமேல இன்னும் நாலா? அவ்ளோ நம்பிக்கை கீதுன்னா மூணாம் நம்பர்ல நீ வந்து படு, சுபஸ்ரீ உன் ரூமுக்குப் போவட்டும்."

லோகேஷ் வந்து படுக்கவில்லை. அதோடு அவளிடம் பேசுவதையும் நிறுத்திக்கொண்டான்.

பொங்கல் முடிந்ததும் சித்தி ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தாள். உளுத்த காங்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, புதிதாகப் பூசி, மேலே தட்டு ஓடு பதிக்க வேண்டும். அவர் சொன்ன தொகைக்கு அவள் சேர்த்தது சரியாக இருந்தது. அன்று சாயங்காலம் எல்லாருக்கும் கேசரி கிண்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா சித்தி?"

"மேல கொத்துனா கீழ ஆள் இருக்க முடியாது. எட்டு ரூமும் காலி பண்ணணும். காலி பண்ணா எல்லாருக்கும் அட்வான்ஸ் குடுக்கணும்."

"குடுத்துடு."

"எங்கேர்ந்து குடுப்பேன்? அது பூஜா கல்யாணத்துலயே போச்சு."

பூஜா சித்தியின் மகள். ஒருவர் போனால் அடுத்து வருபவரின் அட்வான்ஸை வாங்கி அவருக்குக் கொடுப்பது இங்கே எல்லா வீட்டுக்காரர்களின் வழக்கம். எல்லாரும் சேர்ந்தாற்போல் போவார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. தளத்துக்குச் சேர்த்த சித்தி, வீடு காலியாகக் கிடக்கப்போகும் மாதங்களுக்குச் சேர்க்கவில்லை. ஈரக் கையோடு குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இத்தினி வருசம் பாத்துப் பாத்து, இதப் பாக்காம வுட்டுட்டேனே" என்றாள்.

வழி சொன்னவன் ஏழாம் அறை இசக்கிதுரை. ஏற்கெனவே அவன் அறையில் ஆறு பேருக்கு மூன்று பாய்தான். காலை ஷிஃப்ட் ஆட்கள் எழுந்து போனதும் இரவு ஷிஃப்ட் ஆட்கள் வந்து அதே பாயில் படுப்பார்கள். "அதையே இன்னும் கொஞ்சம் நெருக்குனா ஒரு பக்கத்தைக் காலி பண்ணிரலாம்க்கா. ஆனா எல்லாருக்கும் பாதி வாடகைதான். வீட்டுக்கும் ஓ.டி. போட்டாச்சு!"

வேறு வழியில்லாமல் சித்தி சம்மதித்தாள். என் வரிசையில் இருந்தவர்கள் எதிர் வரிசையின் நாலு அறைகளுக்குள் புகுந்தார்கள். நான் சித்தியின் கூடத்துக்குப் போனேன். ஒரு மாதத்தில் முடியும் என்ற வேலை மூன்று மாதம் இழுத்தது. அத்தனை நாளும் காங்கிரீட் தூசி அவள் தலையிலேயே இருந்தது. பாதி வாடகையில் வீட்டுச் செலவு ஓடவில்லை, அதற்கும் தளத்துக் காசிலிருந்தே எடுத்தாள். நாலு அறைகள் முடிந்தபோது மீதி நாலுக்குக் காசு இல்லை. மேஸ்திரி சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வைகாசியில் நான் மறுபடி கிளம்பிவிட்டேன். கார்த்திகையில், வியட்நாமில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்தபோது, வாட்ஸ்அப்பில் சித்தியின் குரல் வந்தது.

"சுபா, ரெண்டு நாளா விடாத மழை. செம்பரம்பாக்கம் ஏரிய தொறக்கப் போறாங்கன்னு டிவில சொல்லிகினு கீறான். நம்ம வேலை பண்ண நாலு ரூமுல ஒரு சொட்டு இல்ல. எதுத்தாப்புல நாலுலயும் பக்கெட்டுதான். அங்க படுக்காதீங்கடா, இந்தப் பக்கம் வாங்கன்னு பசங்களக் கூட்டாந்துட்டேன். லோகேஷுதான் பாயெல்லாம் தூக்கிகினு வந்தான். ஒண்ணும் பேசல, போட்டுட்டு போய்ட்டான். அந்த நாலுக்கு இன்னும் எத்தினி வருசம் ஆவுமோ, தெரில. சரி, எனக்கு முட்டி வலிக்குது. வெச்சுடறேன்."