காதுக்காரியின் மூன்று குலுக்கல்

அந்தத் தெருவில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். காது பெரிதாக இருந்ததால் வந்த பெயர் இல்லை. பதினோரு வருடம் பல்பு செய்கிற தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தவள். பெட்டியைக் காதோரம் தூக்கி மூன்று தரம் குலுக்கிவிட்டு, "உள்ள ஒண்ணு போயிடுச்சு, பிரிங்க" என்பாள். பிரித்தால் ஒன்று போயிருக்கும். மேற்பார்வையாளரே அவளுக்கு முக்காலி போட்டு உட்கார வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையை மூடினார்கள். அவள் காதை யார் மூடுவது?

காதுக்கு அடுத்தபடி அவளிடம் இருந்த பெரிய சொத்து சந்தேகம். கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிப் பார்ப்பாள். வீட்டுக்காரர் "பஸ் லேட்டு" என்று சொன்னால், அதே பஸ்ஸில் வந்த வேறு யாரிடமாவது விசாரிக்காமல் சாப்பாடு வைக்க மாட்டாள். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதுகூட ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்க்கிற ஜென்மம். இப்படி ஒரு பிராணியோடு ஒரே கூரையின் கீழ் எப்படிக் காலம் தள்ளுகிறார் என்று அந்த மனுஷரை ஊரே அதிசயமாகப் பார்த்தது.

வேலை போன பிறகு, டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்து பேக்கிங் வேலையைச் சொந்தமாகத் தொடங்கினாள். வீட்டிலேயே சோப்பு காய்ச்சுகிறவர்கள், மெழுகுவத்தி ஊற்றுகிறவர்கள், நூல் பொம்மை பின்னுகிறவர்கள், களிமண் கோப்பை சுடுகிறவள் என்று ஏழெட்டுப் பேர் பொருளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இவள் பெட்டியில் போட்டு, ஒட்டி, விலாசம் எழுதி, காலையில் வருகிற கூரியர்காரரிடம் ஒப்படைப்பாள்.

இவள் அறையில் பிளாஸ்டிக் மருந்துக்கும் கிடையாது. பூமியைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். இதற்கும் காரணம் சந்தேகம்தான். ஆரம்பத்தில் ஒரு வியாபாரி மக்கும் கவர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். "ஆறே மாசம்மா, மண்ணோட மண்ணாயிடும்" என்றார். இவள் ஒரு கவரை வாசலில் இருந்த பூந்தொட்டியில் புதைத்து, தேதியை எழுதிக் குச்சியில் கட்டி நட்டுவிட்டாள். ஆறு மாதம் கழித்து அந்த ஆளை நிற்கவைத்துக்கொண்டே தோண்டினாள். கவர் அப்படியே வந்தது. அதைத் துடைத்து, அதில் அச்சடித்திருந்த பச்சை இலையை அவர் மூக்குக்கு நேரே காட்டினாள். அன்றிலிருந்து காகிதம் மட்டும்தான். பழைய அட்டைப்பெட்டிகளை மிஷினில் கொடுத்துச் சுருள் சுருளாக வெட்டி உள்ளே அடைப்பார்கள். மேலே தண்ணீர் தடவி ஒட்டுகிற காகித டேப். பொருள் கொடுப்பவர்களுக்கும் அது பிடித்துப் போயிற்று, வாங்குகிறவர்கள் இப்போது அதைத்தான் கேட்கிறார்களாம்.

சுருள் வெட்டுவதும் அடைப்பதும் நாத்தனாரின் வேலை. வீட்டுக்காரரின் தங்கை. தையல் கடையில் இருந்துவிட்டு இங்கே வந்தவள். அதிகம் பேச மாட்டாள். அவள் அடைத்து ஒட்டி வைத்த ஒவ்வொரு பெட்டியையும் அண்ணிக்காரி காதோரம் தூக்கி மூன்று தரம் குலுக்குவாள். சத்தம் வராவிட்டால் பின்னறை அலமாரிக்குப் போகும். அது முடிந்ததும் ஐந்து மணிக்கு இவள் பழைய அட்டை பொறுக்கக் கிளம்புவாள். நாத்தனார் அரை மணி நேரம் இருந்து, பெருக்கி, பூட்டிக்கொண்டு போவாள். எட்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு பொருள் உடையவில்லை.

ஒருநாள் காலையில் கூரியர்காரருக்குப் பெட்டிகளை எடுத்துக் கொடுக்கும்போது இவள் கட்டைவிரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. டேப் தடிமனாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று, இரண்டு டேப். யாரோ ஒட்டினதைக் கீறித் திறந்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த பெட்டியைத் தடவினாள். சோப்பு, ஒற்றை டேப். மெழுகுவத்தி, ஒற்றை டேப். கோப்பைப் பெட்டிகள் மூன்றிலும் இரட்டை டேப்.

இருப்பதிலேயே விலை அதிகமான சரக்கு கோப்பைதான். பெட்டிகளைத் திறந்து கோப்பைகளை எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தன. மறுநாளும் இரட்டை டேப், மறுநாளும் எண்ணிக்கை சரி. வேறொருத்தியாக இருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாள். எண்ணிக்கை குறையவில்லை என்றால் திருடி இன்னும் கெட்டிக்காரி என்றுதான் இவளுக்குத் தோன்றியது.

நாத்தனாரிடம் வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சுதாரித்துக்கொள்வாள் என்று கேட்கவில்லை. பின்னறைக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாள்.

"எதுக்கு அண்ணி பூட்டு?" என்று நாத்தனார் கேட்டாள்.

"எலி வருது."

நாத்தனார் பூட்டைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "எலி பூட்டைத் திறக்காதுன்னா சரி" என்று சொல்லிவிட்டு மிஷின் பக்கம் போனாள். அந்தப் பதில் இவளுக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

பூட்டுப் போட்ட எட்டாம் நாள் முதல் கோப்பை உடைந்து போய்ச் சேர்ந்தது. வாங்கினவர் படம் எடுத்து அனுப்பியிருந்தார், காது தனி, கோப்பை தனி. அடுத்த வாரம் இரண்டு. முதலில் கூரியர்காரரைப் பிடித்தாள்.

"தூக்கித் தூக்கிப் போடுறீங்களா?"

"நான் தூக்கிப் போடுற ஆளா இருந்தா இந்த எட்டு மாசத்துல உடைஞ்சிருக்கணுமேம்மா. அதே வண்டி, அதே ரோடு, அதே குழி. உங்க பக்கம்தான் என்னவோ மாறியிருக்கு" என்றார் அவர்.

மாறினது என்ன? பூட்டு மட்டும்தான். இவளுக்குப் பளிச்சென்று எல்லாம் விளங்கிவிட்டது. பூட்டுப் போட்ட கோபத்தில் நாத்தனார் சுருளைக் குறைத்து அடைக்கிறாள். பழிவாங்குகிறாள். விளங்கின மாதிரி இருக்கிற நேரத்தில்தான் மனுஷி பெரிதாகச் சறுக்குகிறாள். அதை அப்போது இவளிடம் யார் சொல்ல முடியும்?

அந்த வாரமே கோப்பைக்காரி வந்தாள். கையில் களிமண் காய்ந்து வெள்ளையாக இருந்தது. நாத்தனார் உள்ளே மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அடுத்த வியாழக்கிழமை ஒரு கடைக்கு நாப்பது கோப்பை போகுது. எனக்குக் கிடைச்ச முதல் கடை அது. அதுல ஒண்ணு உடைஞ்சாலும் அவங்க அப்புறம் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. தப்பா நினைக்காதீங்க, நான் பிளாஸ்டிக் சுத்துற இடத்துக்கே குடுத்துடுறேன்."

கோப்பைக்காரி போனால் பாதி வேலை போகும். அதைவிட, காகிதம் தாங்காது என்று ஊர் முழுக்கப் பேச்சாகும், மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். இவள் குரலைத் தாழ்த்தினாள்.

"காகிதத்து மேல தப்பில்லம்மா. ஆள் யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். வெளியாள் இல்ல. ஒரு வாரம் குடு, கையும் களவுமா பிடிச்சு அனுப்பிடுறேன்."

கோப்பைக்காரி மிஷின் சத்தம் வந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்றாள்.

பொறி வைப்பது எப்படி என்று காதுக்காரிக்கா தெரியாது? கோப்பைக்காரி கழித்துப் போட்ட கோப்பைகளில் மூன்றைக் கேட்டு வாங்கினாள், ஒன்று கைவசம் இருக்கட்டும் என்று. ஒன்றை நாத்தனாரிடம் கொடுத்து அடைக்கச் சொன்னாள். இன்னொன்றை, அவள் சாப்பிடப் போன நேரத்தில், தானே அடைத்தாள், சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு சிரத்தையாக அடைத்தாள். அதன் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி. இரண்டையும் வழக்கம்போல் மூன்று தரம் குலுக்கி, வெளியூரில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்கு அனுப்பினாள். "திறக்காம அப்படியே திருப்பி அனுப்பு" என்று போனில் சொன்னதற்கு, "உனக்குப் பைத்தியம் முத்திடுச்சு" என்றாள் அக்கா. ஆனாலும் அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டும் திரும்பி வந்தன. நாத்தனாரைக் காகித டேப் வாங்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திறந்தாள். நாத்தனார் பெட்டியில் கோப்பை உடைந்திருந்தது. 'பார்த்தியா' என்று மனசுக்குள் ஒரு துள்ளல். புள்ளி வைத்த பெட்டியைத் திறந்தாள். அதுவும் உடைந்திருந்தது.

முகத்தில் ஈயாடவில்லை. அக்கா திறந்திருப்பாளோ என்று டேப்பைத் தடவிப் பார்த்தாள், ஒற்றை டேப்தான். கூரியர்காரர்? அவருக்கு இது பொறி என்றே தெரியாது, வேண்டுமென்றே உடைக்க வழியில்லை. உலகத்தில் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு முடித்துவிட்டு, கடைசியில் மிச்சம் இருந்த ஒரே ஆளைப் பார்த்தாள். பெட்டிக்குள் பார்த்தாள் என்று சொல்வதுதான் சரி. அவள் பொங்கப் பொங்க அடைத்த சுருள் எல்லாம் அடியில் அமுங்கி, அடை மாதிரி கிடந்தது. மேலே நாலு விரல் காலி. கோப்பை ஒரு பக்க அட்டையோடு முட்டிக்கொண்டிருந்தது.

ரோட்டில் அமுங்கியிருக்குமோ? மிச்சம் இருந்த கோப்பையை எடுத்து, புதுச் சுருள் போட்டு அடைத்து, ஒட்டினாள். காதோரம் தூக்கி மூன்று தரம் குலுக்கினாள். சத்தம் இல்லை. வழக்கமாக இங்கே பெட்டி அலமாரிக்குப் போய்விடும். பல்புத் தொழிற்சாலையில் தொடங்கி இத்தனை வருடத்தில், சத்தம் வராத பெட்டியைக் குலுக்கின கையோடு இவள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. இன்றைக்குத் திறந்தாள்.

சுருள் இரண்டு விரல் இறங்கியிருந்தது. நடுவில் வைத்த கோப்பை ஓரத்துக்கு வந்து, அட்டையில் சாய்ந்து கிடந்தது. சாய்ந்து கிடந்ததால்தான் சத்தம் வரவில்லை.

அங்கே பல்புக்குப் பல்பு அட்டைக் குழி இருந்தது, எவ்வளவு குலுக்கினாலும் நகராது. இது வெறும் சுருள். உதறினால் அமுங்கும். பாதியை இவள் கை அமுக்கியது, மீதியை ரோட்டுக் குழி பார்த்துக்கொண்டது. சோப்பும் பொம்மையும் உடைகிற சாமான் இல்லை என்பதால் அவற்றில் ஒன்றும் தெரியவில்லை.

அப்படியானால் அந்த எட்டு மாதம்? அப்போதும் குலுக்கினாளே. அப்போது ஏன் உடையவில்லை? இரட்டை டேப் ஞாபகம் வந்தது. கோப்பைப் பெட்டிகளில் மட்டும் இரட்டை டேப். இவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் டேப் சுருளோடு உள்ளே வந்தபோது மேஜை மேல் மூன்று பெட்டியும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன. பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"நான் போன பிறகு திறந்து மறுபடி அடைச்சது நீதானே?" என்றாள் காதுக்காரி.

"ஆமா அண்ணி. நீங்க குலுக்கினதும் உள்ள இறங்கிடும். உதிர்த்துவிட்டு, ரெண்டு கை சுருள் சேர்த்துப் போட்டு ஒட்டிடுவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே அண்ணி. வந்த முதல் வாரமே சொன்னேன். 'எனக்கே பேக்கிங் சொல்லித் தர்றியா'ன்னு கேட்டீங்க. அதான் நீங்க போனதுக்கு அப்புறம் செஞ்சேன். பூட்டுப் போட்டீங்க. சரி, இனி நம்ம கை படக்கூடாது போலன்னு விட்டுட்டேன்."

கேட்டிருந்தாள். அந்த வார்த்தையை எந்தத் தொனியில் கேட்டோம் என்பதுகூட இவளுக்கு ஞாபகம் இருந்தது.

புதன்கிழமை காலையில் கோப்பைக்காரி நாற்பதையும் கொண்டுவந்து இறக்கினாள். நாத்தனார் சுருள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனாள். கோப்பைக்காரி அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"என்னக்கா, ஒரு வாரத்துல அனுப்பிடுறேன்னு சொன்னீங்க. ஆள் இன்னும் இங்கதான் இருக்கு?"

நாத்தனாரின் கையில் இருந்த மூட்டை தரையில் இறங்கியது. தன்னை அனுப்பிவிடுவதாக ஒரு பேச்சு நடந்தது அவளுக்கு அப்போதுதான் தெரியும். சமாளித்துப் பேசக் காதுக்காரிக்கு நாலு பொய் கைவசம் இருந்தது. எலிக் கதையே இன்னொரு தரம் ஓடும். அவள் எழுந்து நின்றாள்.

"ஆள் நான்தாம்மா. உன் கோப்பை மூணையும் உடைச்சது நான். காதுல வச்சு குலுக்கிக் குலுக்கியே உடைச்சேன். எட்டு மாசம் உடையாமப் பாத்துக்கிட்டது இவ. அது புரியாம இவளைத் திருடின்னு நினைச்சுப் பூட்டுப் போட்டேன். உன்கிட்டயும் கோள் சொன்னேன்."

கோப்பைக்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாத்தனாரைக் கேட்டாள். "நாப்பதும் முழுசாப் போய்ச் சேருமா?"

"அண்ணி தொடலைன்னா சேரும்" என்றாள் நாத்தனார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

அன்று முழுக்க நாத்தனார் அடைத்தாள், காதுக்காரி டேப்புக்குத் தண்ணீர் தடவினாள். ஒவ்வொரு பெட்டி முடியும்போதும் கை தன்னால் மேலே எழும்பியது. ஈரத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை கூரியர்காரர், "என்னம்மா, இன்னைக்குக் காது பார்க்கலையா?" என்று கேட்டபோது, எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னாள். அடுத்த நான்கு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா என்ன?

செவ்வாய்க்கிழமை கோப்பைக்காரி போன் செய்தாள். நாற்பதும் முழுசு. அந்தக் கடை இன்னும் அறுபது கேட்டிருக்கிறதாம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அட்டை பொறுக்கக் கிளம்பும் முன், காதுக்காரி பையிலிருந்து பின்னறைச் சாவியை எடுத்து நீட்டினாள். "இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்."

நாத்தனார் வாங்கவில்லை. சுருள் மிஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "சாவி எனக்கு எதுக்கு அண்ணி? நான் என்ன காவலுக்கா வந்தேன்? பூட்டை எடுத்துடுங்க."

அன்றைக்கு அட்டை பொறுக்கப் போகவில்லை. பூட்டைத் திறந்து எடுத்த பிறகும் கதவில் கொண்டி தொங்கிக்கொண்டிருந்தது. காதுக்காரி ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்துவந்து, அதன் நாலு திருகாணியையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.